நரம்பின் மறுமுனை

ஆற்றங்கரையில் தூண்டிலும் கையுமாக அமர்ந்திருப்பவரைக் கண்டு எவரும் முகம் சுளிப்பதில்லை. பொறுமைக்கும் அமைதிக்கும் அவரை எடுத்துக்காட்டாகச் சொல்வோரே மிகுதி. சூதாடுவதில்லை, குடிப்பதில்லை, யாரோடும் வம்பு வளர்ப்பதில்லை, நீரைப் பார்த்தபடி மணிக்கணக்கில் உட்கார்ந்திருக்கின்றார். இத்தகைய மனிதரால் உலகுக்கு என்ன தீங்கு வந்துவிடக்கூடும்? நாங்களும் எங்களைப் பற்றி அவ்வாறுதான் எண்ணிக்கொண்டிருந்தோம்.

நாங்கள் என்றால், ஒரே பங்கைச் சேர்ந்த நண்பர்கள் நால்வர். ஞாயிறு முதல் திருப்பலி முடிந்ததும், ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்கு மேலே, தாமிரபரணிக் கரையில் மருத மரங்கள் நிழல் விரிக்கும் ஓரிடத்தில் தூண்டில் போடுவது எங்கள் நெடுநாள் வழக்கம். பொதிகை மலையில் பிறந்து, எட்டு அணைக்கட்டுகளில் நின்று நின்று வயல்களுக்கு நீரைப் பங்கிட்டுக் கொடுத்து, புன்னைக்காயலுக்கு அருகே கடலில் கலக்கும் ஆறு அது. அந்த எட்டில் கடைசி அணைக்கட்டு ஸ்ரீவைகுண்டத்தில் இருப்பது. திருநெல்வேலி, தூத்துக்குடி மாவட்டங்களில் எத்தனையோ குடும்பங்கள் குடிப்பதும் அந்த நீரைத்தான். கெண்டையும் கெளுத்தியும் ஜிலேபியும் கிடைக்கும். சில நாள்களில் ஒன்றுமே கிடைக்காது. அந்த நாள்களிலும் மனம் நிறைந்தே வீடு திரும்புவோம். "ஆண்டவர் முதலில் அழைத்தது மீனவர்களைத்தானே!" என்று எங்களுள் ஒருவர் அடிக்கடி சொல்லி மகிழ்வதுண்டு.

அந்த மகிழ்ச்சியை ஒரு வெள்ளாடு குலைத்தது.

சில ஆண்டுகளுக்கு முன், ஒரு கோடைக்கால ஞாயிறு. காலையில் வீசிய தூண்டில்களுள் ஒன்றின் நரம்பு, தாழ்ந்திருந்த கிளையொன்றில் சுற்றிப் பெருஞ்சிக்கலாகிவிட்டது. தங்கூசி என்று நம் பக்கத்தில் சொல்வோமே, அந்த நைலான் நரம்பு. பிரித்தெடுக்க முயன்றோம், முடியவில்லை. பொறுமைக்குப் பெயர்பெற்றவர்களாகிய எங்களுக்குப் பொறுமை போய்விட்டது. தக்கையோடும் முள்ளோடும் அதை அறுத்துச் சுருட்டினோம். மீன் இரைக்காக வெல்லம் சேர்த்துப் பிசைந்து வைத்திருந்த கோதுமை மாவில் மீந்த உருண்டையையும் சேர்த்து ஒரு பாலித்தீன் பையில் போட்டோம். பையைக் கரையிலேயே எறிந்துவிட்டு, நூறடி தள்ளி வேறிடம் பார்த்து அமர்ந்தோம். ஆற்றுக்குள் வீசாமல் கரையில்தானே போட்டோம் என்ற நினைப்பு வேறு எங்களுக்கு இருந்தது.

முற்பகல் பத்து மணி இருக்கும். அப்பக்கத்தில் ஆடு மேய்க்கும் பெண்மணி ஒருவர், ஒரு வெள்ளாட்டைக் கழுத்துக் கயிற்றைப் பிடித்து இழுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார். ஆட்டின் வாயோரத்திலிருந்து ஒரு சாண் நரம்பு தொங்கிற்று. நரம்பின் நுனியில் ஒரு தக்கை ஆடிக்கொண்டிருந்தது.

அந்தத் தக்கையை நாங்கள் நால்வரும் அறிவோம். மயிலிறகின் தண்டை நறுக்கிச் செய்தது. அதன் தலையிலிருந்த சிவப்பு, எங்களுள் ஒருவருடைய சின்ன மகள் தன் நகப்பூச்சைத் தொட்டுத் தீட்டியது.

"அண்ணாச்சி, ஆடு எதையோ தின்னுட்டு வந்து நிக்கி. இது ஒங்க நரம்பா?"

"இல்லையம்மா, இங்க எத்தனையோ பேரு வந்து போறாங்க" என்றோம். வாய் திறந்தவர் ஒருவர், தலையசைத்தவர்கள் மூவர். ஆகவே, சொன்னவர்கள் நால்வரும்தாம்.

"இழுத்துப் பாக்கட்டுமா? உள்ளே முள்ளு கிடக்குமோ?"

நரம்பின் மறுமுனையில் முள் இருக்கின்றது என்பதை அந்தக் கரையில் உறுதியாக அறிந்தவர்கள் நாங்கள் நால்வர் மட்டுமே. ஆனால் அதைச் சொன்னால், நரம்பு எங்களுடையது என்பதையும் ஒப்புக்கொண்டதாகிவிடும். "தெரியலையேம்மா" என்று கூறிவிட்டு, நீரின் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டோம். அந்தப் பெண்மணி சிறிது நேரம் நின்றார். பிறகு ஆட்டை இழுத்துக்கொண்டு போய்விட்டார். அன்று எங்களுக்கு நல்ல மீன் கிடைத்தது. அதை இப்போது எழுதவும் கூச்சமாக இருக்கின்றது.

அடுத்த ஞாயிறு, ஆற்றுக்குப் போகும் வழியிலுள்ள தேநீர்க் கடையில் செய்தி அறிந்தோம். வீட்டில் வைத்து நரம்பை இழுத்திருக்கின்றார்கள். முள் உள்ளே கிழித்துவிட்டது. மூன்றாம் நாள் ஆடு செத்துப்போயிற்று. இரண்டு குட்டிகளுக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த ஆடு. அப்பெண்மணி கணவரை இழந்தவர் என்பதையும் அங்கேதான் அறிந்தோம். 2011-இல் தமிழக அரசு தொடங்கிய விலையில்லா வெள்ளாடுகள் வழங்கும் திட்டத்தில் கிடைத்த ஆடுகளைப் பேணிப் பெருக்கி, அந்த வருவாயில்தான் அவர் குடும்பம் நடத்திவந்தார்.

அன்று நாங்கள் ஆற்றுக்குப் போகவில்லை. எங்களுக்குத் தெரிந்த கால்நடை மருத்துவர் ஒருவரிடம், எவருக்கோ நேர்ந்ததுபோல் இதைச் சொல்லிக் கேட்டோம். "நரம்பை இழுக்கவே கூடாது. இழுக்க இழுக்க முள் சதையில் ஆழமாகக் கொளுவும். அறுக்கவும் கூடாது, அறுத்தால் நரம்பு உள்ளே போய்க் குடலில் சிக்கும். அப்படியே ஓட்டிவந்திருந்தால் ஒரு வழி பார்த்திருக்கலாம்" என்றார்.

குப்பையை எறிந்தது முதற்குற்றம். ஆனால் அந்த ஆட்டைக் கொன்றது அந்தக் குப்பை மட்டுமன்று. 'முள் இருக்கின்றது, இழுக்காதீர்கள்' என்று நாங்கள் சொல்லாமல் விட்ட சொற்களும் சேர்ந்தே அதைக் கொன்றன.

ஆண்டுதோறும் புனித வெள்ளியன்று பாடுகளின் வரலாற்றைக் கேட்கின்றோம். தலைமைக் குருவின் வீட்டு முற்றத்தில் பணிப்பெண் ஒருத்தி பேதுருவைப் பார்த்துக் கேட்கின்றாள், அவர் மறுக்கின்றார். அந்த இடம் வரும்போதெல்லாம், ஒரு பணிப்பெண்ணுக்கு அஞ்சினாரே என்று பேதுருவுக்காக இரங்கியிருக்கின்றோம். அவருக்காவது உயிரச்சம் இருந்தது. ஆடு மேய்க்கும் ஓர் ஏழைப் பெண்ணின் கேள்விக்கு முன் எங்களுக்கு இருந்த அச்சம் என்ன? ஓர் ஆட்டின் விலையும், நல்லவர்கள் என்ற பெயரும்தாம்.

அந்த வாரம் ஒப்புரவு அருட்சாதனத்திற்குச் சென்றபோது ஒன்றை உணர்ந்தோம். சினம் கொண்டதை, பொய் சொன்னதை, ஞாயிறு திருப்பலிக்குத் தவறியதையெல்லாம் பல்லாண்டுகளாக அறிக்கையிட்டிருக்கின்றோம். ஆற்றங்கரையில் விட்டுவந்த ஒரு பொருளை நாங்கள் ஒருநாளும் பாவக் கணக்கில் சேர்த்ததில்லை. மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சி' என்னும் சுற்றுமடல், கான்ஸ்டான்டிநோபிள் முதுபெரும் தந்தை பர்த்தலமேயுவின் கருத்தைச் சுட்டிக்காட்டி, இயற்கைக்கு எதிரான குற்றம் நமக்கும் கடவுளுக்கும் எதிரான பாவமே என்று நினைவூட்டுகின்றது. அதைப் பங்கில் வகுப்பு வைத்தே படித்தவர்கள்தாம் நாங்கள். படித்தபோது ஆலைப் புகையையும் காடழிப்பையும் நினைத்துக்கொண்டோம். எங்கள் தூண்டில் பை நினைவுக்கு வரவில்லை.

குருவானவர் எங்களிடம் கேட்ட கேள்வி ஒன்றே: "அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டீர்களா?"

அன்று மாலையே சென்றோம். ஓலைக் கூரை இறக்கிய திண்ணையில், புட்டியில் பால் ஊற்றிக் குட்டிகளுக்குப் புகட்டிக்கொண்டிருந்தார். நரம்பு எங்களுடையதுதான் என்றும், முள் இருப்பது அப்போதே எங்களுக்குத் தெரியும் என்றும் சொன்னோம். சொல்லி முடிப்பதற்குள் நா வறண்டுவிட்டது. சக்கேயு நான்கு மடங்கு திருப்பிக் கொடுப்பதாகச் சொன்னதை நினைத்துக்கொண்டு, ஆட்டின் விலைக்கு மேலாகவே பணம் கொண்டு போயிருந்தோம். அவர் ஆட்டின் விலையை மட்டும் எண்ணி எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தந்தார்.

"பணத்தை விடுங்க அண்ணாச்சி. அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீயன்னா, ஆசுபத்திரிக்கு ஓட்டிட்டுப் போயிருப்பேன்லா."

அவர் சினந்து பேசவில்லை, மன்னித்ததாகவும் சொல்லவில்லை. குட்டிகள் பால் கேட்டுக் கத்தின. அவர் அவற்றின் பக்கம் திரும்பிக்கொண்டார். நாங்கள் எழுந்து வந்தோம்.

அதன் பிறகுதான், இத்தனை ஆண்டுகளாக எங்கள் பையில் என்ன சுமந்து திரிந்தோம் என்று விசாரிக்கத் தொடங்கினோம். எங்கள் பாட்டன்மார் தூண்டிலுக்குப் பருத்தி நூலைத்தான் திரித்துக் கட்டினார்கள். அறுந்து ஆற்றில் கிடந்தால் சில மாதங்களில் மக்கிவிடும். நைலான் 1935-இல் அமெரிக்காவில் வாலஸ் கரோதர்ஸ் என்பாரின் ஆய்வுக்குழுவினரால் உருவாக்கப்பட்டது. எளிதில் அறுவதில்லை, எளிதில் மக்குவதில்லை, நீரில் கண்ணுக்குத் தெரிவதுமில்லை. தூண்டிற்காரர் விரும்பும் இந்த மூன்று குணங்களுமே, அது கரையில் கைவிடப்பட்ட பின் கேடாக மாறுகின்றன. அறுவதில்லை என்பதால் காலில் சுற்றிய பறவை விடுபட முடிவதில்லை. தெரிவதில்லை என்பதால் எதுவும் அதை விலகிச் செல்வதில்லை. நீரில் கிடக்கும் ஒரு துண்டு நரம்பு சிதைந்தழிய ஏறத்தாழ 600 ஆண்டுகள் ஆகலாம் என்பது பரவலாக எடுத்துக்காட்டப்படும் ஒரு மதிப்பீடு. புனித சவேரியார் முத்துக்குளித்துறைக் கடற்கரையில் நடந்து 500 ஆண்டுகள் இன்னும் நிறைவடையவில்லை என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தக் கால நீளம் விளங்கும்.

நரம்பை நீருக்குள் தாழ்த்தக் கட்டும் ஈயக்குண்டின் கதையும் இத்தகையதே. இங்கிலாந்து நாட்டு ஆறுகளில் அன்னப் பறவைகள் பெருந்தொகையில் நலிந்து மடிந்தன. இரையை அரைப்பதற்காகச் சிறு கற்களைப் பொறுக்கி விழுங்குவது அவற்றின் இயல்பு. தூண்டிற்காரர்கள் நழுவவிட்ட ஈயக்குண்டுகளையும் அவை கற்களென்றே விழுங்கின. ஈயம் உடலில் கலந்து, தசைகள் தளர்ந்து, நீண்ட கழுத்தை நிமிர்த்தவும் வலுவின்றி மாண்டன. 1987-ஆம் ஆண்டு தொடங்கி, 0.06 கிராம் முதல் 28.35 கிராம் வரை எடையுள்ள தூண்டில் ஈயக்குண்டுகளை அங்கே விற்கத் தடை வந்தது. அதன் பின் அன்னங்கள் மீண்டும் பெருகின. ஒவ்வொருவரும் நழுவவிட்டது மிளகளவு ஈயம்தான். அதைத் தீங்கென்று எவரும் நினைத்திருக்க மாட்டார்கள்.

இது அயல்நாட்டுச் செய்தி என்று ஒதுக்கவும் முடியாது. நாங்குநேரிக்கு அருகே கூந்தன்குளத்திற்கு, இமயத்திற்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் குளிர்காலத்தில் வந்து தங்குகின்றன. கூழைக்கடாக்களும் மஞ்சள்மூக்கு நாரைகளும் ஊருக்குள்ளே கூடு கட்டுகின்றன. 1994-இல் அவ்விடம் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆனால் அதற்கு முன்பே அவ்வூர் மக்கள் பறவைகளைத் தங்கள் வீட்டு விருந்தினராகப் பேணிவந்தார்கள். அவை அஞ்சி ஓடிவிடுமென்று தீபாவளிக்கும் வெடி வெடிப்பதில்லை. ஓர் ஊரே பறவைகளுக்காக ஒரு திருநாளின் வெடியைத் துறந்திருக்கின்றது. அதே பறவைகள் இரைதேடி இறங்கும் நீர்நிலைகளின் கரையில் நாங்கள் எங்கள் முட்களையும் நரம்புகளையும் பரப்பிவந்தோம்.

மத்தேயு நற்செய்தியின் 17-ஆம் அதிகாரத்தில் ஒரு சிறு நிகழ்ச்சி உண்டு. கப்பர்நாகுமில் கோவில் வரி தண்டுவோர் பேதுருவிடம் வந்து, உங்கள் போதகர் வரி கட்டுவதில்லையா என்று கேட்கின்றனர். தம் தந்தையின் இல்லத்திற்குத் தாம் வரி கட்டத் தேவையில்லை என்பதை இயேசு பேதுருவுக்கு விளக்குகின்றார். ஆயினும், பிறருக்கு நாம் இடறலாக இருக்கக் கூடாது என்று கூறி, கடலுக்குப் போய்த் தூண்டில் போடுமாறும், முதலில் அகப்படும் மீனின் வாயில் கிடைக்கும் நாணயத்தை இருவருக்குமாகக் கட்டுமாறும் பணிக்கின்றார்.

நான்கு நற்செய்திகளிலும் தூண்டில் பேசப்படும் இடம் இஃதொன்றே. மற்றெல்லா இடங்களிலும் வலைதான். எத்தனையோ முறை வாசித்த பகுதியாயினும், நாணயத்தை வியந்தோமேயன்றி, தூண்டில் எதற்காகப் போடப்பட்டது என்று நாங்கள் சிந்தித்ததில்லை. எவருக்கும் இடறலாக இருக்கக் கூடாது என்பதற்காகவே ஆண்டவர் அந்தத் தூண்டிலைப் போடச் சொன்னார். உரிமை இருந்தும் அதை வலியுறுத்தவில்லை. எங்கள் தூண்டிலோ ஆட்டுக்கும் பறவைக்கும், ஆற்றில் இறங்கும் சிறுவனின் வெறுங்காலுக்கும், துணி துவைக்கும் தாயின் கைக்கும் இடறலாகக் கிடந்தது.

மீண்டும் ஆற்றுக்குப் போனபோது, முதல் நாள் தூண்டிலைத் தொடவில்லை. ஆளுக்கொரு சாக்கோடு கரையோரம் நடந்தோம். பிஸ்கட் தாள்கள், தண்ணீர்ப் பைகள், உடைந்த மதுப்புட்டிகள், மண்புழு கொண்டுவந்த டப்பாக்கள், எல்லாவற்றுக்கும் மேலாக நரம்பு. மருதத்தின் வேரில், நாணலின் அடியில், கிளைகளின் நடுவில் எங்கும் நரம்பு. குனிந்து வெயிலுக்கு எதிரே பார்த்தால்தான் கண்ணில் படும். முட்கள் மட்டும் ஏழு கிடைத்தன. ஒரு கிளையில், நரம்பில் சுற்றிய இரண்டு மெல்லிய கால் எலும்புகளும் சில வெண்சிறகுகளும் தொங்கின. மடையானாக இருக்கவேண்டும். அது எங்கள் நரம்பா, வேறு எவருடையதா என்று எங்களுள் ஒருவரும் கேட்கவில்லை.

வேலை முடிந்து மரத்தடியில் அமர்ந்தபோது யோவான் நற்செய்தியின் 6-ஆம் அதிகாரம் நினைவுக்கு வந்தது. அதுவும் ஏரிக்கரைப் பக்கம். புல் நிறைந்த இடம். ஐயாயிரம் ஆண்கள் உண்ட பெருங்கூட்டம். ஐந்து அப்பங்களை அத்தனை பேருக்கும் பெருக்கித் தந்தவருக்கு, மீந்த துண்டுகளால் ஆகவேண்டியது ஒன்றுமில்லை. ஆயினும் ஒன்றும் வீணாகாதபடி அவற்றைச் சேர்த்து வைக்கச் சொன்னார். பன்னிரண்டு கூடைகள் நிறைந்தன. அவ்வளவு பெருங்கூட்டம் எழுந்து போன பிறகும், அந்தப் புல்வெளி அடுத்த நாள் ஆடு மேய்க்க ஏற்றதாகவே இருந்திருக்கும் என்று எண்ணுகின்றோம். அப்பத்தைப் பெருக்கியதைப் போல எங்களால் செய்ய இயலாது. துண்டுகளைப் பொறுக்குவது எங்களாலும் இயலும்.

இப்போது எங்கள் வழக்கம் சிறிது மாறியிருக்கின்றது. ஆளுக்கொரு மூடியுள்ள டப்பா எடுத்துச் செல்கின்றோம். அறுந்த நரம்பை விரல் நீளத் துண்டுகளாக நறுக்கி அதில் போடுகின்றோம். துண்டாக்கினால் எந்தக் காலிலும் சுற்றாது. பழைய முட்களை ஒரு தக்கையில் குத்தி வைக்கின்றோம். ஈயக்குண்டுக்குப் பதிலாகச் சிறு இரும்பு நட்டுகளைக் கட்டுகின்றோம். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்தில் பாலங்களிலும் படகுத்துறைகளிலும் பி.வி.சி. குழாய்களை நிறுத்தி, தூண்டிற்காரர் தம் பழைய நரம்பை அதில் இட வழி செய்திருக்கின்றார்கள் என்று அறிந்து, நாங்களும் எங்கள் மருத மரத்தருகே ஒரு கம்பு நட்டு, அடி அடைத்த குழாய் ஒன்றைக் கட்டி வைத்தோம். வாரந்தோறும் அதை நாங்களே அவிழ்த்து, சேர்ந்ததைத் தூய்மைக் காவலர்களிடம் ஒப்படைக்கின்றோம். முதல் மாதம் எங்கள் நரம்பு மட்டுமே அதில் இருந்தது. இப்போது வேறு கைகள் முடிந்த முடிச்சுகளும் சில காணப்படுகின்றன.

அந்த இரண்டு குட்டிகளும் வளர்ந்துவிட்டன. அவற்றுள் ஒன்று தாயைப் போலவே, எதைக் கண்டாலும் வாய் வைக்கும். சில ஞாயிறுகளில் அவற்றை அந்தப் பெண்மணி அக்கரையோரம் ஓட்டி வருவார். எங்களைக் கண்டால் தலையசைப்பார். அதற்கு மேல் பேச்சில்லை. எங்கள் பக்கத்துக்கு மட்டும் ஆடுகளை விடாமல் வெகுநாள் தடுத்து வைத்திருந்தார். சென்ற மாதம் ஒருநாள், நாங்கள் அமர்ந்திருந்த இடத்தின் அருகிலேயே அவற்றை மேயவிட்டு, மரத்தடியில் கண்ணயர்ந்திருந்தார்.

அன்று நாங்கள் மீன் பிடிக்கவில்லை. ஆடுகளையும் புல்லையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

இதை வாசிக்கும் அன்பர்களுள் தூண்டில் பிடிக்காதவர்களே மிகுதியாக இருக்கக்கூடும். ஆயினும் நாம் ஒவ்வொருவரும் ஏதோ ஒன்றைக் கரையில் விட்டுவிட்டு எழுந்து வருகின்றோம். விடுவதற்கு நொடிப்பொழுதும் ஆவதில்லை. அதன் மறுமுனையில் யாருடைய தொண்டை, யாருடைய கால், யாருடைய பிழைப்பு மாட்டியிருக்கின்றது என்பதைத் திரும்பி நின்று பார்க்கத்தான் நேரம் வேண்டும். ஒருவேளை எவரேனும் ஒருவர் அதைக் கையில் ஏந்தி வந்து, 'இது உங்களுடையதா?' என்று கேட்பாரானால், 'ஆம்' என்று சொல்லும் துணிவையாவது இறைவன் நமக்கு அருள்வாராக.